பீப்பாயும் பொறுமையும்



நான் எழுதிய ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் எங்களுக்குக் காய்ச்சி வடித்தல் பற்றிய சோதனை ஒன்று உண்டு. ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த கலவையை ஆள் உயரக் கண்ணாடிக் கோபுரம் ஒன்றின் அடியில் கொதிக்க வைக்க வேண்டும். ஆவி மேலேறிக் குளிர்ந்து மீண்டும் நீராக வடியும். உள்ளே இட்ட ஆல்கஹால் முழுவதும், வடித்ததிலும் அடியில் எஞ்சியதிலுமாகச் சேர்ந்து திரும்பி வர வேண்டும் என்பது பாடம். நான் இட்டது 100 பங்கு. திரும்பி வந்ததோ 93. மாலை ஐந்தரை மணி ஆகிவிட்டது. விடுதியில் அன்றிரவு தோசை என்ற செய்தி வேறு பரவியிருந்தது. சப்பாத்தியோடு மல்லுக்கட்டும் நம்மவர்களுக்கு அச்செய்தியின் பெருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எஞ்சியதன் அளவை எழுத வேண்டிய கட்டத்தில் கையெழுத்துச் சற்றும் நடுங்காமல் வேறோர் எண்ணை எழுதினேன். கணக்கு நூற்றுக்கு நூறாக ஒத்துவந்தது.

மறுவாரம் பேராசிரியர் என் குறிப்பேட்டைப் பார்த்தார். இந்த ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன், ஒருவருக்கும் இச்சோதனை இவ்வளவு அழகாக ஒத்துவந்ததில்லை என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று கட்டளைகள் இட்டார். ஒன்று, சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டு, பொய் எழுதிய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. மூன்று, வடித்தலையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரைப் பற்றிப் படித்துத் துறையின் வாராந்தரக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேச வேண்டும்.

அந்த மூன்றாவது கட்டளையின் பயனே இக்கட்டுரை. நான் தேர்ந்துகொண்ட மனிதர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் டி. லீ என்பவர். அவர் செய்த தொழில் பூர்பன் விஸ்கி வடித்தல். அங்கே வடிசாலையின் தலைவரை ‘மாஸ்டர் டிஸ்டில்லர்’ என்பார்கள். நாம் தலைமை வடிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்பொருளைக் கேட்டு என் தாயார் தொலைபேசியில் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வேற நல்ல விஷயமா ஒண்ணும் கிடைக்கலையாடா உனக்கு?” என்றார். அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சட்டம் காக்கும் பெயர்

விஸ்கி என்பது தானியத்தைப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடித்து, மரப் பீப்பாயில் முதிர வைத்த மது. அவற்றுள் ஒரு வகைக்கே பூர்பன் என்று பெயர். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இதனைத் தன் நாட்டுக்கே உரிய தனிப்பொருள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பூர்பன் என்று சீட்டு ஒட்ட வேண்டுமானால் சில விதிகளுக்கு உட்பட வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளமாக இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹாலின் அளவு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. பீப்பாய், உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். நிறத்துக்கென்றோ சுவைக்கென்றோ எதையும் சேர்க்கக் கூடாது. வலிவைக் குறைக்கத் தண்ணீர் மட்டும் சேர்க்கலாம்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று கேட்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் விஸ்கி வணிகர் பலர், முதிராத வெறும் ஆல்கஹாலில் சாயமும் சுவைப்பொருளும் கலந்து, பல ஆண்டு முதிர்ந்த சரக்கென்று விற்றுவந்தனர். அதைத் தடுக்கவே 1897-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் மேற்பார்வையில் உள்ள கிடங்கில் நான்கு ஆண்டுகளேனும் வைத்திருந்து, 50 விழுக்காடு வலிவில் புட்டியில் அடைத்ததற்கு அரசே சான்று வழங்கும் என்றது அச்சட்டம். ஆக, காலத்தைப் பற்றிப் பொய் சொல்லாதே என்பதுதான் இத்தொழிலுக்கு அச்சட்டம் இட்ட கட்டளை. பொய்க் கணக்கு எழுதிய எனக்கு இதைப் படித்ததும் சுருக்கென்றது.

கூழிலிருந்து கோபுரம் வரை

தலைமை வடிப்பாளரின் ஒரு நாள் தானிய வண்டியின் அருகில் தொடங்குகிறது. மக்காச்சோளம் வந்திறங்கும் முன்பே அதில் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். ஈரம் மிகுந்திருந்தாலும் பூஞ்சணம் பிடித்த வாடை அடித்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏனெனில் தானியத்தில் உள்ள கெட்ட வாடை வடித்தாலும் போவதில்லை.

சோளத்தை அரைத்துத் தண்ணீரில் இட்டுக் கொதிக்கும் சூட்டில் கூழாக்குகிறார்கள். சற்று ஆறியபின் ரை என்னும் தானியத்தைச் சேர்க்கிறார்கள். சில வடிசாலைகளில் ரைக்குப் பதில் கோதுமை. சூடு ஏறக்குறைய 65 பாகை செல்சியசுக்கு இறங்கியதும் முளை கட்டிய பார்லியைச் சேர்க்கிறார்கள். முளையில் உள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். சூடு ஏறியிருக்கும்போது சேர்த்தால் அந்த என்சைம்கள் செத்துப்போகும். எனவே அவசரத்துக்கு இங்கே இடமில்லை.

பிறகு ஈஸ்ட். அது மூன்று முதல் ஐந்து நாட்கள் தொட்டியில் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. பல வடிசாலைகள் தம் ஈஸ்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றன. ஃபோர் ரோசஸ் என்னும் வடிசாலையில் இரண்டு வகைத் தானியக் கலவைகளையும் ஐந்து வகை ஈஸ்டுகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பத்து வகை விஸ்கிகளைச் செய்கிறார்கள். ஈஸ்ட் மாறினால் மணமே மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே நம் வீட்டுச் சமையலறையை நினைவூட்டும் ஒரு வழக்கம் உண்டு. நேற்று வடித்தபின் எஞ்சிய புளித்த நீரில் ஒரு பகுதியை இன்றைய கூழில் சேர்க்கிறார்கள். பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போலத்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. உறைமோரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வடிகலத்தில் கொதித்து வந்த நீரில் ஈஸ்ட் உயிரோடு இராது. அது கொண்டுவருவது புளிப்பு மட்டுமே. அந்தப் புளிப்பு வேண்டாத பாக்டீரியாக்களை அடக்கி, ஈஸ்டுக்கு ஏற்ற சூழலை உண்டாக்குகிறது. நேற்றைய கூழும் இன்றைய கூழும் ஒன்றுபோல் புளிக்க உதவுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்டக்கியில் பணியாற்றிய ஜேம்ஸ் குரோ என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், சர்க்கரையின் அளவையும் சூட்டையும் கருவிகளால் அளந்து குறித்துவைத்து இம்முறையை ஒழுங்குபடுத்தினார். அதுவரை கைப்பழக்கமாக இருந்த தொழிலை அறிவியலின் பக்கம் திருப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். அவருடைய கையில் இருந்த பெரிய கருவி குறிப்பேடுதான் என்பது என் எண்ணம்.

புளித்த கூழை உயரமான செம்புக் கோபுரத்தின் மேற்பகுதியில் விடுகிறார்கள். கீழிருந்து நீராவி ஏறுகிறது. எங்கள் ஆய்வகக் கோபுரத்தின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் ஆவியாகி மேலே செல்ல, சத்தும் சக்கையும் கீழே இறங்குகின்றன. அச்சக்கை மாட்டுத் தீவனமாகும். வடிந்ததை இன்னொரு கலத்தில் மறுபடியும் வடிக்கிறார்கள். கிடைப்பது தண்ணீர்போல் தெளிந்த, காரமான திரவம். ‘வெள்ளை நாய்’ என்று அங்கே செல்லப்பெயர். நாய்தான், கடிக்கும்.

இதுவரை ஆனது ஒரு வாரம். இனிமேல்தான் ஆண்டுகள்.

தேவதைகளின் பங்கு

வெள்ளை நாயை ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும் புதிய ஓக் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். பீப்பாயின் உட்புறத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் தீயில் காட்டிக் கரியாக்கியிருப்பார்கள். அந்தச் சூட்டில் மரத்தின் மாவுப்பொருள்கள் சர்க்கரையாகிக் காய்ச்சிய வெல்லத்தின் நிறத்தையும் மணத்தையும் பெறும். லிக்னின் என்னும் பொருள் சிதைந்து வெனிலா மணம் தரும். கென்டக்கியில் கோடை நல்ல வெயில், குளிர்காலம் கடுங்குளிர். கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகுகிறது. குளிரில் சுருங்கி மரத்தின் சாரத்தோடு வெளியே வருகிறது. இப்படி உள்ளும் புறமுமாக ஆண்டுதோறும் நடக்கும் போக்குவரத்தே முதிர்ச்சி எனப்படுவது. நிறமும் மணமும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. மரத்தின் வழியே விஸ்கி ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறைகிறது என்பார்கள். இப்படிக் காற்றில் கலப்பதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு நான்கு வீதம் என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 200 லிட்டர் ஊற்றிய பீப்பாயில் எட்டு ஆண்டு கழித்து ஏறக்குறைய 144 லிட்டரே இருக்கும். கிடங்கின் மேல்தளத்தில் சூடு மிகுதி; அங்கே குறைவதும் மிகுதி. ஆல்கஹாலைவிடத் தண்ணீர் விரைவாக வெளியேறி, எஞ்சிய விஸ்கியின் வலிவு ஏறுவதும் அங்கே உண்டு. கீழ்த்தளத்தில் எல்லாம் மெதுவாக நடக்கும்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். நூற்றுக்கு ஏழு குறைந்ததற்கு நான் பொய் எழுதினேன். இவர்களோ கால் பங்குக்கு மேல் குறைவதைக் கணக்கில் எழுதி, அதற்கு அழகான பெயரும் வைத்து, அந்தக் குறைவுக்குள்தான் தங்கள் பொருளின் சிறப்பு இருக்கிறது என்று அறிந்து வாழ்கிறார்கள். மரம் மூச்சு விட்டால்தான் விஸ்கி முதிரும். ஒன்றும் குறையாதபடி அடைத்து வைத்தால் ஒன்றும் முதிராது.

ஆள் வேண்டாம் என்ற இடத்தில்

இனி எல்மர் லீக்கு வருவோம். 1919-இல் கென்டக்கியின் தலைநகரான பிராங்க்போர்ட்டுக்கு அருகில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பி-29 விமானத்தில் ராடார் கொண்டு குண்டு வீசும் பணியில் ஜப்பானுக்கு எதிராகப் பறந்தவர். போர் முடிந்து திரும்பிக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1949-இல் சிறப்புடன் தேறினார். நம்மைப்போல் ஒரு பொறியியல் மாணவர்தான். ஆனால் வகுப்புக்கு வருமுன்னே போரைக் கண்டவர்.

அவ்வாண்டே பிராங்க்போர்ட்டில் கென்டக்கி ஆற்றங்கரையில் இருந்த ஜார்ஜ் டி. ஸ்டாக் வடிசாலைக்கு வேலை கேட்டுச் சென்றார். அதன் தலைவர் ஆல்பர்ட் பிளான்டன், 1897-இல் பதினாறு வயதில் அலுவலகப் பையனாக அங்கே சேர்ந்து 1921-இல் தலைவராக உயர்ந்தவர். அமெரிக்க மதுவிலக்குக் காலமாகிய 1920 முதல் 1933 வரை, மருந்துக்கென விஸ்கி அடைக்க உரிமம் பெற்ற சில நிறுவனங்களுள் இதுவும் ஒன்றாக இருந்ததால் வடிசாலை மூடப்படாமல் பிழைத்தது. அந்தப் பெரியவர் லீயைப் பார்த்து, இன்று ஆள் எடுக்கவில்லை தம்பி என்ற பொருளில் சொல்லி அனுப்பிவிட்டார். லீ வெளியே வரும்போது ஆர்வில் ஷுப் என்னும் மேலதிகாரி அவரை நிறுத்தி, அதைப் பொருட்படுத்தாதே, திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேர் என்றாராம். இக்கதையை லீ பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம்.

சேர்ந்த வேலை என்ன தெரியுமா? இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பேணும் பொறியாளர் வேலை. விஸ்கியைச் சுவைக்கும் வேலையன்று. குழாயும் கொதிகலனும் பார்க்கும் வேலை. அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து, 1960-களில் ஆலை முழுவதையும் நிருவகிக்கும் பொறுப்புக்கு வந்தார். தலைமை வடிப்பாளர் என்னும் பதவிக்குத் தேர்வோ பட்டயமோ அந்நாளில் இல்லை. தானியக் களத்தையும் கொதிகலனையும் கிடங்கையும் ஆண்டுக்கணக்கில் அறிந்தவரையே அப்பெயரால் அழைத்தார்கள்.

லீ ஒருவர்தான் இப்படி வந்தார் என்று எண்ண வேண்டாம். பக்கத்து ஊரான லாரன்ஸ்பர்க்கில் ஜிம்மி ரஸ்ஸல் என்பவர் 1954-இல், பின்னாளில் ‘ஒயில்ட் டர்க்கி’ என்று பெயர் பெற்ற வடிசாலையில் தரை கூட்டும் வேலை முதலாகச் சேர்ந்தார். அங்கேயே தலைமை வடிப்பாளரானார். அவர் மகன் எடி 1981-இல் சேர்ந்து, 34 ஆண்டுகள் உழைத்தபிறகு, 2015-இல்தான் தந்தைக்கு இணையாகத் தலைமை வடிப்பாளர் என்னும் பெயரைப் பெற்றார். 2024-இல் ஜிம்மி ரஸ்ஸல் அத்தொழிலில் எழுபது ஆண்டு நிறைவு கண்டார். முதல் வேலையில் இரண்டு ஆண்டு இருந்தாலே நீண்ட காலம் என்று பேசிக்கொள்ளும் நமக்கு இது புராணக் கதைபோல் தோன்றலாம்.

பெயர் கிடைக்காமல் போனவர்களும் உண்டு. பக்கத்து மாநிலமான டென்னசியில் நியரஸ்ட் கிரீன் என்னும் கறுப்பின அடிமை, ஜாக் டேனியல் என்ற சிறுவனுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தார். அடிமைத்தளை அறுந்தபின் டேனியல் தொடங்கிய வடிசாலைக்கு அவரே முதல் தலைமை வடிப்பாளர். உலகமெங்கும் புட்டிகளில் மாணவன் பெயர் ஒட்டப்பட்டது. ஆசிரியர் பெயரை அந்நிறுவனம் உலகறியச் சொன்னதோ 2016-இல். டென்னசி விஸ்கி பூர்பனுக்கு நெருங்கிய உறவினன். கரியில் வடிகட்டுவது ஒன்றே பெரிய வேறுபாடு. தேவதைகளின் பங்கைத் தவறாமல் எழுதிய ஏடுகளிலும் ஒரு மனிதனின் பங்கு எழுதப்படாமல் போனதுண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எட்டாண்டுக்கு முன்னே பார்ப்பது

தலைமை வடிப்பாளரின் பணியில் மிகக் கடினமானது எது? வடிப்பதன்று, சுவைப்பதும் அன்று. இன்று எத்தனை பீப்பாய் நிரப்புவது என்று முடிவு செய்வதே. இன்று நிரப்பினால் ஆறாண்டோ எட்டாண்டோ கழித்து விற்பனைக்கு வரும். அப்போது எத்தனை பேர் கேட்பார்கள் என்று இன்று யாருக்குத் தெரியும்? மிகுதியாக நிரப்பினால் கிடங்கில் தேங்கும். குறைவாக நிரப்பினால், எட்டாண்டு கழித்து எவ்வளவு பணம் கொடுத்தாலும் எட்டாண்டு முதிர்ந்த விஸ்கியை ஒரே இரவில் செய்ய இயலாது.

இந்தச் சிக்கலில் அத்தொழிலே ஒருமுறை அகப்பட்டுக்கொண்டது. 1970-களில் அமெரிக்க இளைஞர் பூர்பனைத் தாத்தாக்களின் குடி என்று ஒதுக்கி, நிறமும் மணமும் இல்லாத வோட்காவை நாடினர். கிடங்குகளில் பீப்பாய்கள் தேங்கின. வடிசாலைகள் பல மூடப்பட்டன. ஓய்வுபெற ஓராண்டே இருந்த நிலையில் லீ ஒரு புதிய முடிவைச் செய்தார்.

பொதுவாகப் புட்டியில் வருவது பல பீப்பாய்களைக் கலந்த விஸ்கி. ஒவ்வொரு பீப்பாயும் கிடங்கில் இருந்த இடத்துக்கும் மரத்துக்கும் ஏற்ப வேறுபடும்; கலந்தால்தான் என்றும் ஒரே சுவை கிடைக்கும். ஆனால் பழைய தலைவர் பிளான்டன் தமக்கும் தம் விருந்தினருக்கும் வேண்டியபோது தகரம் வேய்ந்த ‘எச்’ கிடங்கின் நடுப்பகுதியிலிருந்து தேர்ந்தெடுத்த பீப்பாய்களைத் தனியே எடுப்பார் என்பது லீயின் நினைவில் இருந்தது. 1984-இல் அவ்வாறே ஒரு பீப்பாயின் விஸ்கியை வேறெதனோடும் கலக்காமல் புட்டியில் அடைத்து, ‘பிளான்டன்ஸ்’ என்று, தம்மை ஆள் வேண்டாம் என்று அனுப்பிய அந்தப் பெரியவரின் பெயரையே இட்டு வெளியிட்டார். பிளான்டன் 1959-இலேயே மறைந்துவிட்டார். ஒற்றைப் பீப்பாய் விஸ்கி என்னும் வகையைச் சந்தையில் நிலைநாட்டியது இதுவே. மெல்ல மெல்ல மற்ற வடிசாலைகளும் அவ்வழியில் வந்தன. தாத்தாக்களின் குடி மறுபடியும் மதிப்புப் பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. 1984-இல் லீ புதிதாக எதையும் காய்ச்சிவிடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வருங்காலத்தை அறியாமல், ஆனால் ஒழுங்காக நிரப்பிக் குறித்துவைத்த பீப்பாய்கள் அங்கே இருந்தன. அவற்றுள் எது எங்கே எத்தனை ஆண்டு கிடந்தது என்று ஏட்டில் மெய்யாக எழுதியிருந்ததால்தான் அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது.

அவர் 1985-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு அவர் பெயரிலேயே ஒரு விஸ்கி வெளிவந்தது. அந்த வடிசாலை 1999 முதல் ‘பஃபலோ டிரேஸ்’ என்று அழைக்கப்படுகிறது. ஓய்வுபெற்ற பின்னும் செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே வந்து, தம் பெயர் தாங்கும் புட்டிக்கு உரிய பீப்பாய்களை முகர்ந்தும் சுவைத்தும் தேர்ந்தெடுத்து வந்தார். 2013-இல் 93-ஆம் வயதில் மறைந்தார். அவர் சென்றபின்னும் முதிர்ந்துகொண்டிருந்த பீப்பாய்கள் கிடங்கில் இருந்தன. நட்ட தென்னையின் காயைப் பேரன் பறிப்பதுபோலத்தான் இத்தொழிலும்.

ஆண்டுகளை நம்பி வாழ்வோருக்கு ஒரு நாள் போதும், எல்லாம் போவதற்கு. 1996 நவம்பர் 7-ஆம் நாள் பார்ட்ஸ்டவுன் என்னும் ஊரில் ஹெவன் ஹில் வடிசாலையில் தீப்பிடித்தது. ஏழு கிடங்குகளும் ஏறத்தாழ 90,000 பீப்பாய்களும் வடிசாலையும் எரிந்தன. அங்கே தலைமை வடிப்பாளராக இருந்தவர் பார்க்கர் பீம். போட்டி நிறுவனங்களாகிய ஜிம் பீமும் பிரௌன்-ஃபார்மனும் தங்கள் வடிகலங்களில் அவர்களுக்காக வடித்துத் தந்தன. சந்தையில் பகைவர், தீயின் முன் அண்டை வீட்டார். இழந்த ஆண்டுகளின் அருமை அந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தானே தெரியும்?

தாயாரின் கேள்வி

இனி என் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். என் பெரியப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். எனக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவர் அவரே. குடி அந்தக் கடையைக் கொண்டுபோயிற்று. பிறகு 46-ஆம் வயதில் அவரையும் கொண்டுபோயிற்று. அவர் குடித்தது எட்டாண்டு முதிர்ந்த பூர்பன் அன்று என்பது பெரியம்மாவுக்கு ஆறுதலாகுமா? ஈரலுக்கு ஓக் மரமும் ஒன்றுதான், மற்றதும் ஒன்றுதான். நான் குடிப்பதில்லை, இக்கட்டுரை எவரையும் குடிக்கச் சொல்லவும் எழுதப்பட்டதன்று. தலைமை வடிப்பாளர்களும் வேலை நேரத்தில் தண்ணீர் கலந்து வலிவைக் குறைத்து முகர்ந்து, நாவில் வைத்து, துப்பிவிடுகிறார்கள். குடித்தால் மூக்கு மழுங்கும். மூக்கு மழுங்கினால் தொழில் போகும்.

அப்படியானால் இந்தத் தொழிலிடம் நாம் கற்க என்ன இருக்கிறது என்று தாயார் கேட்டால் நியாயமே. இதைத்தான் அவருக்குச் சொன்னேன்: “பொருளைப் பார்க்காதீங்கம்மா, அவங்க கணக்கு எழுதுற விதத்தைப் பாருங்க. இன்னைக்குத் தப்பாச் செஞ்சா எட்டு வருஷம் கழிச்சுத் தெரியும். அப்போ செஞ்சவன் அங்க இல்லாமலும் போகலாம். இருந்தும் ஒழுங்கா எழுதி வைக்கிறாங்க.” தாயார், “சரி, பெரியம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே” என்றார். சொல்லவில்லை.

தோழர்களே, நாம் படிக்கும் துறைகளிலும் பயன் உடனே தெரியாத வேலைகளே மிகுதி. இன்று ஒருவன் அளந்து எழுதும் எண்ணைக் கொண்டு நாளை ஒரு பாலம் கட்டப்படும். ஒரு மருந்தின் அளவு முடிவாகும். அப்போது அந்த எண்ணை எழுதியவன் எங்கேயோ இருப்பான். எண் மட்டும் பீப்பாயில் கிடப்பதுபோல் ஏட்டில் கிடக்கும். அது மெய்யாக இருந்தால் முதிரும். பொய்யாக இருந்தால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் பொய் முதிர்ந்து மெய்யாவதில்லை.

அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். முக்கால் மணி பேசினேன். மறுநாள் சோதனையை மீண்டும் செய்தேன். இம்முறை 94 பங்கு திரும்பி வந்தது. எஞ்சிய 6 பங்கு எங்கே போயிற்று என்று தேடினேன். குளிர்விக்கும் குழாயின் முனையில் ரப்பர் இணைப்பு தளர்ந்திருந்தது; அதன் அருகே மூக்கை வைத்தால் ஆல்கஹால் வாடை. இதற்குக் கருவி தேவைப்படவில்லை. சென்ற முறையும் தேவைப்பட்டிராது. “இழப்பு 6, பெரும்பாலும் இணைப்பின் வழியே ஆவியாயிற்று” என்று எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.

பொய் எழுதிய பக்கம் அக்குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே மேசைக்கு வரப்போகும் நம் சங்கத்துத் தம்பி தங்கையர் எவரேனும் கேட்டால் காட்டத் தடையில்லை. தோசை அன்றிரவு தீர்ந்துபோயிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.